கரண்ட் வைக்கும் ஏழு வாரங்கள்

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுப்பவர்களின் வீட்டிலிருந்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில் சொல்கிறோம். ஊர்ப்பக்கம் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்வது இதைத்தான். உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே படம் எடுக்கிற அதே வகைக் கதிர், பல மடங்கு வலுவாக, மில்லிமீட்டர் கணக்கில் குறி பார்த்துச் செலுத்தப்படுகிறது. கீழே சொல்லியிருக்கும் மருந்து, அளவு எதையும் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

என் அப்பாவுக்கு 58 வயது. அடிநாக்கில் புற்றுநோய். 35 நாள் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். ஆனால் உடனே தொடங்காமல் பல் மருத்துவரிடம் அனுப்பி, கீழ்த்தாடையில் மூன்று பற்களை எடுக்கச் சொல்கிறார்கள். அந்தப் பற்கள் வலிக்கவே இல்லை. இதற்குள் கட்டி வளர்ந்துவிடாதா?
— மகள், விருதுநகர்

எடுக்கச் சொன்னது சரி. நாளைக்கே போய் எடுத்துவிடுங்கள். தள்ளிப்போட்டால்தான் சிகிச்சை தாமதமாகும்.

கதிர் பட்ட தாடை எலும்பில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் சுருங்கிப்போகும். பிறகு அங்கே ஒரு பல்லைப் பிடுங்கினால், வழக்கமாகச் சில வாரத்தில் தூர்ந்துவிடும் குழி தூராமலே நிற்கும். எலும்பு வெளியே தெரியும், சீழ் வைக்கும், சிலருக்குத் தாடையே முறிந்துவிடும். கதிர்வீச்சை ‘கிரே’ என்ற அளவில் கணக்கிடுவார்கள். 50 கிரேக்கு மேல் பட்ட கீழ்த்தாடையில் இந்த ஆபத்து அதிகம். மேல்தாடைக்கு இரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் அங்கே குறைவு. ஐந்து, பத்து ஆண்டு கழித்துப் பல் எடுத்தாலும் இந்த நிலை வரலாம். அதனால்தான் ஆடும் பல், ஆழமாகச் சொத்தையான பல், உடைந்து வேர் மட்டும் நிற்கும் பல் எல்லாவற்றையும் வலி இருக்கிறதா என்று பார்க்காமல் முன்னாலேயே எடுக்கிறார்கள்.

பல் எடுத்த பிறகு புண் ஆற ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். அந்த நாட்கள் வீணாவதில்லை. முகமூடி செய்வது, ஸ்கேன் எடுப்பது, கதிர் எந்தக் கோணத்தில் எவ்வளவு போக வேண்டும் என்று கணினியில் திட்டமிடுவது எல்லாம் அதே நாட்களில்தான் நடக்கும். பல் மருத்துவரிடம் இன்னும் மூன்று வேலைகளைக் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்: கறை எடுத்துச் சுத்தம் செய்வது, சிறிய சொத்தைகளை அடைப்பது, நாக்கையும் கன்னத்தையும் உரசும் கூர்முனைகளைத் தேய்த்துவிடுவது. மூன்றாவது வாரத்தில் புண் வரும்போது அந்தக் கூர்முனை பிளேடு மாதிரி அறுக்கும்.

புளோரைடு பற்றியும் கேளுங்கள். எச்சில் குறைந்த வாயில் பற்கள் ஈறோரத்தில் கறுத்து, ஓராண்டுக்குள்கூட ஒவ்வொன்றாக உடைந்துவிடும். அதைத் தடுக்க, பல் வரிசைக்கு அச்செடுத்துச் செய்த மெல்லிய தட்டில் நியூட்ரல் சோடியம் புளோரைடு ஜெல்லைத் தடவி, இரவு படுக்கும் முன் 5 முதல் 10 நிமிடம் மாட்டிவிட்டுத் துப்ப வேண்டும். அதன் பிறகு அரை மணி நேரம் வாய் கொப்புளிக்கவோ சாப்பிடவோ கூடாது. இது வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை. அமிலத்தன்மையுள்ள புளோரைடு ஜெல்லும் உண்டு. புண் வாய்க்கு அது எரியும், வேண்டாம். வருங்காலத்தில் எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் ‘எனக்குத் தாடைக்குக் கரண்ட் வைத்திருக்கிறது’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும்.

முகத்துக்கு மூடி போட்டு மேசையோடு பூட்டிவிடுவார்களாமே? எனக்கு லிப்டில் ஏறினாலே மூச்சு முட்டும்.
— வாசகர், ஓசூர்

முகமூடி வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. தினமும் தலை அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தால்தான் கதிர் கட்டியில் விழும்; கட்டிக்குப் பக்கத்திலேயே தண்டுவடமும் எச்சில் சுரப்பியும் இருக்கின்றன. ஆனால் நீங்கள் நினைப்பதுபோல முகம் முழுவதும் அடைபட்டுப் போகாது.

முகமூடி செய்கிற விதம் இதுதான். சிறு சிறு துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் சுமார் 65 முதல் 70 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் போடுவார்கள். ஓரிரு நிமிடத்தில் அது அப்பளமாவு மாதிரி குழைந்துவிடும். எடுத்து நீரை ஒற்றிவிட்டு, நீங்கள் மல்லாந்து படுத்திருக்கும்போது முகத்தின்மேல் இழுத்துப் போர்த்துவார்கள். வெதுவெதுப்பான ஈரத்துணி போட்டதுபோல இருக்கும். மூக்குத்தண்டு, முகவாய், நெற்றி ஓரங்களில் விரலால் அமுக்கி வடிவம் கொடுப்பார்கள். பத்து நிமிடத்துக்குள் ஆறி இறுகிவிடும். துளைகள் வழியாக மூச்சு தாராளமாகப் போகும். மூடிக்குள் பேச முடியாது, கையைத் தூக்கலாம். அறையில் கேமரா இருக்கிறது. கை தூக்கினால் கதிரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து சில வினாடிகளில் மூடியைக் கழற்றிவிடுவார்கள். நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி தொடரலாம்; அதனால் கெடுதல் இல்லை.

மூச்சு முட்டும் பயம் இருப்பதை முதல் நாளே டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். கண் பகுதியை வெட்டித் திறந்துவிட முடியுமா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் அரை மணி நேரம் முன்னால் பதற்றம் குறைக்கும் மாத்திரை கொடுப்பார்கள். அன்று துணைக்கு ஒருவர் வர வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது. வீட்டில் மல்லாந்து படுத்து, மெல்லிய துண்டை முகத்தில் போட்டு, மூக்கால் மூச்சு விட்டுப் பழகுங்கள். கதிர் பாயும் நேரம் சில நிமிடம்தான். படுக்கவைத்துச் சரிபார்த்து இறக்குவது வரை 15 நிமிடம் ஆகலாம்.

மூடி செய்யும் அன்றைக்குத் தாடியை மழித்துவிட்டு, முடியை வெட்டிவிட்டுப் போங்கள். மூடி செய்த பிறகு மொட்டை அடித்தால் உள்ளே தலை ஆடும். தாடி வளர்த்தால் மூடி ஏறாது. பெண்கள் பின்னால் கொண்டை போடாமல் வர வேண்டும். மூக்குத்தி, தோடு, சங்கிலி எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். திட்ட ஸ்கேனுக்கு நரம்பில் மருந்து செலுத்துவதுண்டு, ஆகவே கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை) முடிவைக் கையில் வைத்திருங்கள். சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும்.

நடுவில் மூடி தொளதொளவென்று ஆகிவிட்டது என்று உங்களுக்கே தோன்றினால் வாய் திறந்து சொல்லுங்கள். எடை குறைந்து முகம் வற்றினால் அப்படி ஆகும். புது மூடி செய்து, புதிதாகத் திட்டமிட வேண்டியிருக்கும்.

ஒரே வாரத்தில் மொத்தமாக வைத்துவிட்டால் என்ன? பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போய்வந்து, கடைசியில் அந்த நான்கு நாளைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்தானே?
— வாசகர், மன்னார்குடி

பொதுவாகத் தினம் 2 கிரே, வாரம் ஐந்து நாள், 35 நாளில் 70 கிரே. அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்கு 30 முதல் 33 நாள், 60 முதல் 66 கிரே. ஒவ்வொரு நாளும் கதிர் பட்டதும் நல்ல செல், கெட்ட செல் இரண்டுக்கும் அடி விழும். மறுநாளுக்குள் நல்ல செல் பெருமளவு தன்னைச் சரிசெய்துகொள்ளும். புற்றுசெல்லால் அந்த அளவுக்கு முடியாது. மொத்தமாக வைத்தால் இரண்டும் சேர்ந்து வெந்துவிடும்.

நடுவில் நான்கு நாள் விடுவதுதான் நாங்கள் மிகவும் பயப்படுகிற விஷயம். தலை, கழுத்துப் புற்றுநோயில் மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகு, தப்பித்து நிற்கும் செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். அந்த நேரத்தில் விட்ட நாட்களைக் கடைசியில் ஒட்டவைத்தால் கணக்கில் 70 கிரே வரும், பலன் வராது. ஒரு நாள் தவறினால் கட்டி முழுதாக அடங்கும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறையும் என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். நான்கு நாள் என்றால் கூட்டிப் பாருங்கள்.

மெஷின் பழுது, அரசு விடுமுறை, காய்ச்சல் என்று தவிர்க்க முடியாமல் விட்டுப்போனால், சனிக்கிழமை வைத்தோ, ஒரே நாளில் குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை வைத்தோ ஈடுகட்டலாம். அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. முதல் நாளே நாட்காட்டியில் 35 நாளையும் குறித்து, இடையில் வரும் விடுமுறைகளுக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள். இந்த வருஷப் பொங்கலை ஆஸ்பத்திரி பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரம். வாயெல்லாம் புண். எச்சில்கூட விழுங்க முடியவில்லை. கடையில் மவுத்வாஷ் வாங்கிக் கொப்புளித்தேன், உயிர் போய்விட்டது. என்ன செய்ய?
— வாசகி, பல்லடம்

அந்த மவுத்வாஷை இனித் தொடாதீர்கள். கடையில் கிடைப்பவை பலவற்றில் ஆல்கஹால் இருக்கும். புண் வாய்க்கு அது எரிசாராயம்தான்.

கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், உப்பு 1 தேக்கரண்டி, ஆப்ப சோடா 1 தேக்கரண்டி. கலக்கி மூடி வையுங்கள். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, சாப்பிட்ட பின் தவறாமல், ஒரு வாய் எடுத்து அரை நிமிடம் மெதுவாகச் சுழற்றித் துப்புங்கள். அண்ணாந்து தொண்டையில் கொரகொரவென்று கொப்புளிக்க வேண்டாம், புண் உரசும். கோந்து மாதிரி ஒட்டும் கெட்டி எச்சிலையும் சோடாதான் அறுத்து இறக்கும். இதை மூன்றாவது வாரத்தில் தொடங்குகிறவர்கள்தான் அதிகம். முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும்.

பல் தேய்ப்பதையும் நிறுத்தாதீர்கள். குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷை வெந்நீரில் ஒரு நிமிடம் நனைத்து இன்னும் மிருதுவாக்கி, நுரை குறைந்த, காரமில்லாத பேஸ்டால் தேயுங்கள். பல்செட் இருந்தால் சாப்பிடும் நேரம் தவிரக் கழற்றி வையுங்கள். புண் அதிகமானால் முழுக்கவே கழற்றிவிடுங்கள்.

வலிக்கு: பென்சிடமின் கலந்த வாய்க்கழுவி 15 மில்லி, இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை. எரிந்தால் சம அளவு தண்ணீர் சேர்க்கலாம். சாப்பாட்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால் லிக்னோகெய்ன் ஜெல்லியை வாயில் சுழற்றினால் மரத்து, பத்து வாய் உள்ளே போகும். ஆனால் தொண்டையும் மரத்துப் போவதால் புரையேறும். நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாக விழுங்க வேண்டும். இவை போதாதபோது மருத்துவர் மார்பின் எழுதுவார். ‘அது கடைசிக் கட்டத்துக்கான மருந்து, அடிமையாகிவிடுவோம்’ என்று சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறவர்கள் பலர். புண் வலிக்கு மருத்துவர் சொன்ன அளவில் எடுத்து, புண் ஆற ஆறக் குறைத்து நிறுத்துகிற மருந்து அது. கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டு வாங்குங்கள், மார்பின் கட்டாயம் மலத்தை இறுக்கும்.

கண்ணாடி முன் நின்று டார்ச் அடித்து வாயைத் தினமும் பாருங்கள். கதிரால் வரும் புண் சிவந்து, மேலே மஞ்சள் கலந்த வெள்ளைப் படலத்தோடு இருக்கும். தயிர் தெறித்ததுபோலத் திட்டுத்திட்டாக, துடைத்தால் பெயர்ந்து வரும் வெள்ளை இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து. எத்தனை வலி மாத்திரை போட்டாலும் எரிச்சல் அடங்காது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது சட்டென்று வரும்.

கதிர்வீச்சு எடுத்துவிட்டு வருகிறவர் பேரக்குழந்தையைத் தூக்கலாமா? தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டுமா?
— மருமகள், கயத்தாறு

தாராளமாகத் தூக்கலாம். வெளியிலிருந்து செலுத்தும் கதிர் மெஷினை நிறுத்தியதும் நின்றுவிடும், உடம்பில் தங்காது. புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அல்ல. தனித் தட்டு வேண்டாம். குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் தாத்தாவைத் தள்ளி உட்கார வையுங்கள்.

அம்மா 52 கிலோ இருந்தார். நான்கு வாரத்தில் 46. கஞ்சித் தண்ணீரும் இளநீரும்தான் இறங்குகிறது. மூக்கில் குழாய் போடச் சொல்கிறார்கள். குழாய் என்றாலே கடைசி என்று அம்மா அழுகிறார்.
— மகன், செய்யாறு

52-இல் 6 போனது 11 சதவீதத்துக்கு மேல். இந்த வேகத்தில் போனால் மூடி தளரும், புண் ஆறாது, காய்ச்சல் வரும், சிகிச்சை நடுவில் நிற்கும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: குழாய் போடுவது 35 நாளையும் முடிப்பதற்காக. பெரும்பாலானவர்களுக்குப் புண் ஆறியதும், சில வாரங்களில் கழற்றிவிடுவார்கள்.

கணக்கு பாருங்கள். இந்த நாட்களில் கிலோவுக்கு 30 முதல் 35 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ என்று வைத்துக்கொண்டால் 1500 முதல் 1750 கலோரி, 60 முதல் 75 கிராம் புரதம். ஆறு டம்ளர் கஞ்சித் தண்ணீரும் இரண்டு இளநீரும் சேர்ந்து 500 கலோரியைத் தொடாது. புரதம் ஏறக்குறைய இல்லை. வயிறு நிறைந்திருக்கும், உடம்பு பட்டினி கிடக்கும். இதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது.

வலுவான கஞ்சி இப்படி: முளைகட்டி அரைத்த கேழ்வரகு மாவோ சத்துமாவோ 25 கிராம், கொழுப்பு நீக்காத பால் 200 மில்லி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் காய்ச்சி இறக்கி, பால்பவுடர் 1 மேசைக்கரண்டி, நெய் 1 தேக்கரண்டி கலந்து வடிகட்டுங்கள். ஒரு டம்ளரில் சுமார் 340 கலோரி, 12 கிராம் புரதம். இதே அளவில் ஐந்து டம்ளர் போனால் அம்மாவின் கணக்கு நிறைவாகும். முளைகட்டிய மாவு என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: முளைக்கும்போது மாவுச்சத்து உடைந்துவிடுவதால் கஞ்சி ஆறினாலும் களி மாதிரி கெட்டியாகாது, குழாயையும் அடைக்காது. ஒரே ருசி சலித்துப்போனால் ஒரு வேளை பாசிப்பருப்பு வேகவைத்து, முழுதாக வெந்த முட்டை ஒன்றைச் சேர்த்து மிக்சியில் அடித்துக் கொடுங்கள். பச்சை முட்டை, அரைவேக்காடு வேண்டாம். ரசம், புளி, எலுமிச்சை, ஆரஞ்சு, மிளகு எல்லாம் எரியும். சூடாகவும் வேண்டாம், கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிடுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் மாத்திரை அளவை மருத்துவர் மாற்ற வேண்டும். சாப்பாடு பாதியாகி மாத்திரை பழையபடியே போனால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

குழாய் போட்ட பிறகு:

மூக்கு நுனியில் குழாயில் எந்த எண் தெரிகிறது என்று எழுதி வையுங்கள், மார்க்கர் பேனாவில் கோடும் போடுங்கள். ஒவ்வொரு முறை ஊட்டும் முன்னும் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால், இருமல் வந்தால், மூச்சு வாங்கினால் ஊட்டாதீர்கள். குழாய் மூச்சுப் பக்கம் போயிருக்கலாம். தலையணை வைத்துச் சாய்வாக உட்காரவைத்து, 200 முதல் 250 மில்லியைச் சிரிஞ்சில் ஊற்றித் தானாக இறங்கவிடுங்கள், 15 நிமிடமாவது ஆகட்டும். பிஸ்டனை அழுத்தி வேகமாகத் தள்ளினால் வாந்தி, பேதி. ஊட்டிய பின் முக்கால் மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட வேண்டும்.

குழாய் அடைத்துக்கொள்வதற்கு முக்கியக் காரணம் மாத்திரைதான். கஞ்சியோடு மாத்திரைப் பொடியைக் கலக்காதீர்கள். தனித்தனியாக மையாகப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீர் விடுங்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. திரவ வடிவம் உண்டா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். அடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் மெல்ல இழுத்து இழுத்து விட்டுப் பாருங்கள். கம்பி விட்டுக் குத்துவது வேண்டாம். குழாய் வெளியே வந்துவிட்டால் வீட்டில் திரும்பச் செருகக் கூடாது. ஆஸ்பத்திரியில்தான் போட வேண்டும்.

குழாய் வழியாகத்தான் சாப்பாடு போகிறதே. வாயால் விழுங்கும் பயிற்சி எதற்கு? வாயும் முன்போல திறக்கவில்லை.
— வாசகர், புதுக்கோட்டை

விழுங்கும் தசைகளைச் சில வாரம் சும்மா விட்டால் அவை இறுகி நார்போல ஆகிவிடும். நோய் குணமாகியும் ஆயுள் முழுக்கக் குழாயோடு இருக்கிறவர்கள் இப்படித்தான் ஆனார்கள். விழுங்கினால் புரையேறுகிறது என்று மருத்துவர் தடுத்திருந்தால் ஒழிய, மணிக்கு ஒரு முறையாவது இரண்டு வாய் தண்ணீர் விழுங்குங்கள். பேச்சு, விழுங்குதல் பயிற்சியாளர் இருந்தால் முதல் வாரமே பாருங்கள். வீட்டில் செய்யக்கூடிய இரண்டு பயிற்சிகள்: நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவே மெல்லக் கடித்துக்கொண்டு வெறும் எச்சிலை விழுங்குவது (சாப்பாட்டோடு இதைச் செய்யவே கூடாது), பெரிய உருண்டையை விழுங்குவதுபோலத் தொண்டையை முழு பலத்தோடு இறுக்கி விழுங்குவது. ஒவ்வொன்றும் பத்துப் பத்து, நாளைக்கு மூன்று வேளை.

வாய் திறப்புக்கு: மூன்று விரலை நெடுக்காக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். போகாவிட்டால் இறுக்கம் தொடங்கிவிட்டது என்று பொருள்; அளவில் 35 மில்லிமீட்டருக்குக் கீழே. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, வலிக்காமல் எத்தனை போகிறதோ அத்தனை வைத்து அரை நிமிடம் நிறுத்துங்கள். ஐந்து முறை, நாளைக்கு மூன்று வேளை. சில நாளுக்கொரு முறை ஒரு குச்சி கூட்டுங்கள். ஆடும் பல் இருந்தால் குச்சி வைக்காதீர்கள். பாக்கு, குட்கா போட்டு ஏற்கனவே வாய் இறுகியவர்களுக்கு இது இன்னும் அவசியம். கதிர் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் இறுக்கம் வேகமாக ஏறும். ‘எல்லாம் முடிந்தது’ என்று குச்சியைத் தூக்கி எறிகிற சமயம் அது.

கழுத்து கறுத்து, தோல் உரிகிறது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போடலாமா? தாலிச் சங்கிலியைக் கழற்ற மாமியார் ஒப்பவில்லை.
— வாசகி, கீழக்கரை

மஞ்சள், பவுடர், சந்தனம், வாசனைக் களிம்பு எதுவும் வேண்டாம். உரிந்த தோலில் ஒட்டிக் காய்ந்தால் எடுக்கும்போது தோலும் வரும். மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மருத்துவர் எழுதிய மாய்ஸ்சரைசரை மட்டும் மெல்லிதாகப் பூசுங்கள். மெஷினுக்குப் போகும் நேரத்தில் கெட்டியாக அப்பிக்கொண்டு போகக் கூடாது. ஈரம் கசிந்தால் அதற்கென்று களிம்பு உண்டு, காட்டி வாங்குங்கள். சங்கிலி உரசுகிற இடத்தில்தான் தோல் முதலில் கிழியும், கழுத்தைச் சுற்றி வளையமாக. உலோகத்தை மூடிக்குள் விடவும் மாட்டார்கள். மஞ்சள் கயிறும் அதேபோல உரசும். இந்த ஏழு வாரமும் அதன்பின் தோல் ஆறும் மூன்று வாரமும் தாலி பூஜை அறையில் இருக்கட்டும். மாமியாரையும் ஒருநாள் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நாம் நூறு முறை சொல்வதைவிட அவர் ஒரு முறை சொன்னால் கேட்பார்.

வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் ஊசியும் போடுகிறார்கள். எதற்கு இத்தனை பாட்டில் டிரிப்ஸ்?
— வாசகர், திண்டிவனம்

சிஸ்பிளாட்டின் ஒரு கீமோதெரபி மருந்து. கதிரின் வேலையைக் கூர்மையாக்கும், சிறுநீரகத்தைத் தாக்கவும் செய்யும். டிரிப்ஸ் அதைக் கழுவி வெளியேற்றத்தான். வீட்டிலும் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போக வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாகக் குறைந்து போனால், வாந்தியில் எதுவும் தங்காவிட்டால், காதில் ரீங்காரம் கேட்டால், அடுத்த ஊசி வரை காத்திராமல் சொல்லுங்கள். காது கேளாமை இந்த மருந்தால் வந்தால் பெரும்பாலும் திரும்பாது. 100.4 டிகிரி காய்ச்சல் இரவு இரண்டு மணிக்கு வந்தாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி சத்தம் வந்தாலும், வாயிலிருந்து புது இரத்தம் வந்தாலும் அப்படியே.

அப்பா புகையிலையை விட்டுவிட்டார். வெறும் வெற்றிலை பாக்கு மட்டும் போடுகிறார். அது பரவாயில்லையா?
— மகன், ஆத்தூர்

பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. புகையிலை கலக்காவிட்டாலும் அது பொருந்தும். புண் வாயில் சுண்ணாம்பு வேறு. பீடி, சிகரெட்டைச் சிகிச்சையின்போது தொடர்ந்தால் கதிரின் பலனே குறைகிறது. இங்கே ‘கொஞ்சம்’ என்று ஒன்று இல்லை. அப்பாவிடம் கோபப்பட வேண்டாம். வாயில் ஏதாவது போட்டுக்கொள்ளும் பழக்கம் 40 வருஷத்துப் பழக்கம். சர்க்கரையில்லாத சூயிங்கம்மோ, புண் இருந்தால் ஐஸ் துண்டோ கொடுத்துப் பாருங்கள். விடமுடியாமல் தவித்தால் மருந்து உண்டு, கேளுங்கள்.

தினம் போய்வர வசதியில்லை. செலவுக்கு என்ன வழி?
— வாசகி, சாத்தூர்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சும் வரும். காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றின் நகலோடு ஆஸ்பத்திரியில் உள்ள திட்ட அலுவலரை முதல் நாளே பாருங்கள். ஒப்புதல் வருவதற்குள் நாள் போய்விடக் கூடாது. இரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை, உடன்வருபவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரி முத்திரையோடு அதற்கான படிவம் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நோயாளிகள் தங்கும் விடுதி உண்டா என்று சமூகப் பணியாளரிடம் விசாரியுங்கள். தினம் நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத்தோடு ஐந்தாவது வாரத்தைக் கடப்பது மிகக் கடினம்.

35 நாளும் முடிந்து பத்து நாள் ஆகிறது. புண் குறையும் என்றால் கூடிவிட்டது. நோய் திரும்பிவிட்டதா? தலையைக் குனிந்தால் முதுகில் ஷாக் அடிக்குமாமே, பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார்.
— வாசகர், போடி

நோய் திரும்பவில்லை. கடைசி நாளுக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம்தான் புண் உச்சத்தில் இருக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்பிவிடுவதால் எத்தனையோ பேர் இடிந்துபோகிறார்கள். வலி மருந்து, சோடா தண்ணீர், கஞ்சி எதையும் இப்போது நிறுத்தாதீர்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் புண் ஆறும். ருசி வரச் சில மாதம் ஆகும். எச்சில் ஓராண்டு, இரண்டாண்டு வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும், பழைய அளவுக்கு வராமலும் போகலாம். தண்ணீர் பாட்டிலைக் கையோடு வைத்துக்கொள்ளப் பழகுங்கள். நோய் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேனைப் பன்னிரண்டு வாரம் கழித்து எடுப்பதுதான் வழக்கம்; அவசரப்பட்டு முன்னால் எடுத்தால் வீக்கமும் நோய்போலவே ஒளிரும், வீண் பயம்.

கழுத்தில் கதிர் பட்டதால் தைராய்டு மெல்ல மெல்லச் சோர்ந்துபோகலாம். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒரு முறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு இரத்தச் சோதனை செய்யுங்கள். காரணமில்லாத அசதி, எடை ஏறுவது, குளிர் தாங்காமை இருந்தால் உடனே. காலையில் முகவாய்க்குக் கீழே பை மாதிரி வீங்கி மாலையில் வடிந்தால் அது நிணநீர் தேங்குவது. தலைமாட்டை உயர்த்திப் படுங்கள். வடியவைக்கும் தடவல் முறையைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுத் தருவார்.

பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னதும் உண்மைதான். முடிந்து இரண்டு முதல் நான்கு மாதத்தில் சிலருக்கு, தலை குனிந்தால் முதுகெலும்பு வழியாகக் கைகால் வரை சுரீரென்று இழுக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே போய்விடும். வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கை கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ அது வேறு விஷயம், அன்றைக்கே காட்ட வேண்டும்.